ஏரி நிரம்பியபின் கரைக் காவல்: கார்த்திகை, மார்கழிக்கு ஒரு கையேடு

ஏரி நிரம்பியதும் ஊர் திரண்டு போவது, மிகுந்த தண்ணீர் வழிந்து வெளியேறும் கலங்கலுக்குத்தான். தண்ணீர் விழும் சத்தம், எதிர்த்து ஏறும் மீன், கைப்பேசியில் படம் என்று கூட்டம் கலையவே கலையாது. பார்க்கட்டும். ஆனால் கலங்கல் வழிகிறது என்றால் ஏரி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றுதான் பொருள். கவனிக்க வேண்டிய இடம் யாரும் எட்டிப் பார்க்காத பக்கம்: கரையின் வெளிச்சரிவு, அது வயலைத் தொடும் அடிவாரம்.

மதுராந்தகம், உத்திரமேரூர், காவேரிப்பாக்கம் போல ஏரியை ஒட்டியே வாழும் ஊர்களுக்காக இது. மண்கரை உள்ள எந்த ஏரிக்கும், தென்மாவட்டக் கண்மாய்க்கும் குளத்துக்கும் பொருந்தும்.

"கார்த்திகைக்குப் பிறகு மழையில்லை, கர்ணனுக்குப் பிறகு கொடையில்லை" என்ற பழமொழியை நம்பிக் காவலைக் கலைத்துவிட வேண்டாம். 2023-இல் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட பெருமழை பெய்தது டிசம்பர் 17, 18 தேதிகளில். அது மார்கழி முதல் வாரம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. குளங்கள் பல உடைந்தன. பொங்கல் வரை ஆள் இருக்க வேண்டும்.

யார், எப்போது, எதை எடுத்துக்கொண்டு

முதலில் ஏரி யார் பொறுப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் நிலம்) 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கர், அல்லது அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். அந்தப் பகுதி உதவிப் பொறியாளர், கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர் மூவரின் எண்ணும் ஒவ்வொரு காவல்காரர் கைப்பேசியிலும் இருக்கட்டும். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநில அறைக்கு 1070. கூடவே மேலேரி ஊரிலும் கீழேரி ஊரிலும் ஆளுக்கு ஒருவர் எண். நம் ஏரிகள் சங்கிலித் தொடர். மேலே ஒன்று உடைந்தால் அந்த வெள்ளம் முழுவதும் அடுத்து நம் கரை மேல்தான் வந்து மோதும்.

காவலுக்கு இருவர் இருவராகப் போக வேண்டும். ஒருவர் கரை மேல், மற்றவர் வெளி அடிவாரத்தில், ஒருவர் கண்ணில் ஒருவர் படும்படி இணையாக நடப்பது. மேலே மட்டும் நடந்து திரும்புவது உலாவுதல், காவல் அல்ல. ஏரி பாதி நிறைந்திருக்கும்போது காலையும் மாலையும் போதும். கலங்கல் வழியத் தொடங்கினால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. கனமழையிலும் புயல் எச்சரிக்கையிலும் மணிக்கு ஒரு முறை, இரவிலும். தெருவுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொண்டால் யாருக்கும் சுமையாகாது. ஏரிக்கென்றே வாரியம் அமைத்து ஆள் தேர்ந்தெடுத்த செய்தி பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டிலேயே இருக்கிறது. வாட்ஸ்அப் குழு அதற்கு மாற்றாகிவிடாது. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்க்கட்டியோ நீர்பாய்ச்சியோ இன்னும் இருக்கிற ஊர் என்றால் அவரையே முதல் ஆளாக வையுங்கள். எந்த மதகு எந்த வருஷம் கசிந்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.

கையில் இருக்க வேண்டியவை: நல்ல டார்ச், ஆளுயரக் கம்பு, மண்வெட்டி, அடையாளக் குச்சிகள், சிவப்புத் துணி, நிறமில்லாத ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு, அரை அடி நீளப் பிவிசி குழாய்த் துண்டு, பிளாஸ்டிக் உறையில் போட்ட கைப்பேசி. முழங்கால் வரை பூட்ஸ் இருந்தால் நல்லது. வெள்ளக் காலத்தில் பாம்பு ஏறி நிற்கும் மேட்டு நிலம் கரை ஒன்றுதான்.

அடிவாரத்தில் என்ன பார்ப்பது

மண்கரை பெரும்பாலும் இரண்டு வகையில் உடையும். தண்ணீர் கரை மேல் ஏறி வழிந்து வெளிச்சரிவை அரித்துவிடுவது ஒன்று. கரைக்குள்ளே கசிவு வழி உண்டாகி, அது குடைந்து பெரிதாவது மற்றொன்று. முதலாவது கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது தெரியாமலே நடக்கும். ஆனால் அவகாசம் தரும், அறிகுறி காட்டும்.

கசிவே இல்லாத மண்கரை கிடையாது. பார்க்க வேண்டியது அந்தத் தண்ணீரின் நிறத்தையும் வேகத்தையும். தெளிவாக, ஒரே அளவில் வந்தால் குறித்து வைத்துக் கவனித்தால் போதும். தெளிவாக இருந்தாலும் அளவு கூடிக்கொண்டே போனால் அன்றைக்கே பொறியாளருக்குச் சொல்லுங்கள். கலங்கலாக, மண் நிறத்தில் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. அந்த மண் கரையின் வயிற்றிலிருந்து வருகிறது. குடைவு வெளிப்பக்கத்தில் தொடங்கி ஏரியை நோக்கி வளரும். வளர வளரத் தண்ணீர் கடக்கும் தூரம் குறையும், வேகம் கூடும், கூடிய வேகம் இன்னும் பெரிய மணலை இழுத்து வரும். ஏரியைத் தொட்டுவிட்டால் பிறகு யாராலும் அடைக்க முடியாது.

கண்ணை மட்டும் நம்பாமல் இப்படிச் சோதியுங்கள். கசியும் இடத்தில் குழாய்த் துண்டை லேசாகச் செருகி, அதன் வாயில் பாட்டிலைப் பிடித்து, நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று எழுதுங்கள். காலையில் 40 நொடி, மாலையில் 25 நொடி என்றால் கசிவு கூடுகிறது. பாட்டிலைக் கால் மணி நேரம் ஆடாமல் வைத்து அடியில் வண்டல் படிகிறதா என்று பாருங்கள். தேதியும் நேரமும் ஒட்டி அந்தப் பாட்டிலையே வைத்திருந்தால் அடுத்த நாள் பாட்டிலோடு ஒப்பிடலாம். பொறியாளரிடம் பத்து வார்த்தை பேசுவதைவிட இரண்டு பாட்டிலைக் காட்டுவது வேகமாக வேலை செய்யும்.

கார்த்திகை பாதிக்கு மேல் பனி இறங்கத் தொடங்கும். விடியற்காலையில் வெளிச்சரிவுப் புல் முழுவதும் நனைந்திருப்பதால் எது பனி, எது கசிவு என்று தெரியாது. மழையில்லாத நாளில் பத்து, பதினொரு மணி வாக்கில் இன்னொரு முறை நடங்கள். பனி காய்ந்த பிறகும் ஈரமாக, சுற்றிலும் இல்லாத பச்சையாக, மிதித்தால் பாதம் புதைகிற இடம் இருந்தால் அதுதான் கசிவு. ஈரத்தின் ஓரத்தைச் சுற்றிக் குச்சி நடுங்கள். மறுநாள் ஈரம் குச்சியைத் தாண்டியிருக்கிறதா என்பதே கேள்வி.

கூடுதல் கவனம் கேட்கும் இடங்கள் சில உண்டு. முதலிடம் மதகுக்கு. கட்டடமும் மண்ணும் ஒட்டும் இணைப்பில் இடைவெளி விழுவது எளிது. ஷட்டர் மூடியிருக்கும்போதும் மதகின் வெளிவாய்க்குப் பக்கவாட்டில் தண்ணீர் வந்தால், அது குழாய்க்கு வெளியே கரை வழியாக வரும் தண்ணீர். அடுத்து எலி வளை, நண்டு வளை. பிறகு பழைய உடைப்பை மூடிய இடம். புது மண்ணும் பழைய மண்ணும் ஒன்றாக இறுகியிருக்காது. கடைசியாக மரம் வெட்டிய இடம். சீமைக் கருவேலத்தை மேலே மட்டும் வெட்டிவிட்டுப் போனால், வேர் உள்ளே மக்கி, அதன் தடம் அப்படியே குழாயாக நிற்கும்.

இதே காரணத்தால், சொக்கப்பனைக்குக் கரைப் பனையில் கை வைக்காதீர்கள். பனையின் வேர் சல்லிவேர். கரை மண்ணைப் பிடித்து வைப்பது அது. பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவிக்கப்பட்டது. காய்ந்து விழுந்த பனையும் ஓலையும் சொக்கப்பனைக்குத் தாராளம்.

ஊற்றை அடைக்காதீர்கள்

வெளிப்பக்கம் ஊற்று பொங்கினால் முதலில் தோன்றுவது, களிமண்ணை அப்பி மூடுவது. அதுதான் பெரிய தவறு. வெளியே வழி அடைபட்டால் தண்ணீர் கரைக்குள் தேங்கி அழுத்தம் ஏறும். பக்கத்தில் வேறு இடத்தில் பீறிடும், இல்லையென்றால் வெளிச்சரிவே நனைந்து சரியும். தண்ணீர் போகட்டும், மண் போகக் கூடாது. வேலையெல்லாம் இந்த ஒரு வரிக்காகத்தான்.

மெதுவாகக் கசியும் இடமானால் மேலே உள்ள புல்லைச் செதுக்கிவிட்டு, அரை அடி கனத்துக்குப் பெருமணல் பரப்புங்கள். அதன்மேல் அரை அடி முக்கால் ஜல்லி. வரிசை மாறக் கூடாது: ஜல்லி முதலில் போனால் அதன் இடைவெளியில் கரை மண் வெளியேறிவிடும். தண்ணீர் ஓட ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, அடிவாரத்திலிருந்து விலக்கிக் கொண்டுபோய் விடுங்கள். அடிவாரத்தை ஒட்டிப் பள்ளம் மட்டும் தோண்டாதீர்கள்.

வேகமாகப் பொங்கினால் மணல் நிற்காது. அப்போது மூட்டை வளையம். ஊற்று வாயிலிருந்து மூன்றடி தள்ளிச் சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கி உள்ளே தண்ணீர் தேங்கவிடுங்கள். தேங்கும் தண்ணீரின் எடை ஊற்றின் வேகத்தைக் குறைக்கும். கலங்கிய தண்ணீர் தெளிவாகும் உயரம் வந்ததும் நிறுத்தி, அந்த மட்டத்தில் வடிகாலுக்கு ஒரு இடைவெளி விடுங்கள். அதற்கு மேல் உயர்த்தினால் மூடுவதற்குச் சமம்.

ஏரிப்பக்கம் தண்ணீர் சுழித்து உள்ளே இழுப்பது தெரிந்தால் வழி திறந்துவிட்டது என்று பொருள். யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. கரைக்குக் கீழே உள்ள வீடுகளைக் காலி செய்வதே அப்போது முதல் வேலை. கோயில் மணி, பள்ளிவாசல் ஒலிபெருக்கி, தண்டோரா எதுவானாலும் சரி. மாடுகளைக் கட்டை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். தார்ப்பாயில் மூட்டை கட்டி உள்சரிவில் இறக்கி வாயை மூடுவதைத் துறை ஆட்களும் தீயணைப்புத் துறையும் பார்த்துக்கொள்வார்கள்.

போனில் சொல்லும்போது "ஏரி உடையப் போகுது" என்று கத்தினால் பயனில்லை. ஏரிப் பெயர், எந்த மதகிலிருந்து எந்தத் திசையில் எத்தனை மீட்டர், தண்ணீர் தெளிவா கலங்கலா, பாட்டில் நிறைய எத்தனை நொடி, கீழே எத்தனை வீடு. இவ்வளவும் முப்பது நொடியில் சொல்லிவிடலாம்.

கரை மேல் தாழ்வும் மணல் மூட்டையும்

மாடு ஏறி இறங்கும் தடம், பைக் பாதை, டிராக்டர் குறுக்கு வழி: கரை தாழ்ந்திருப்பது இங்கெல்லாம்தான். தாழ்வைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். காற்றில்லாத நேரத்தில் ஏரித் தண்ணீரே மட்டக் கோல். ஐம்பது தப்படிக்கு ஒரு முறை, நீர்மட்டத்திலிருந்து கரை மேல்வரை செங்குத்து உயரத்தைக் கம்பும் கயிறும் வைத்து அளந்து எழுதுங்கள். மற்ற இடங்களில் நாலடி இருந்து ஒரு இடத்தில் இரண்டரை அடி என்றால், தண்ணீர் முதலில் ஏறப்போவது அங்கே. வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும்போது அலை தென்மேற்குப் பக்கக் கரையில்தான் அறையும். அந்தப் பக்கத் தாழ்வை முதலில் உயர்த்துங்கள்.

மூட்டையை முழுக்க நிரப்பாதீர்கள். பாதிக்குச் சற்று மேல், 15 முதல் 20 கிலோ. முழு மூட்டை உருண்டையாக நின்று இடுக்கில் தண்ணீர் விடும். தளர்ந்த மூட்டைதான் படிந்து பக்கத்து மூட்டையோடு ஒட்டும். அடி வெட்டிய பெயிண்ட் வாளியை மூட்டை வாயில் செருகிப் பிடித்தால் புனலாகும். ஒருவர் பிடிக்க ஒருவர் அள்ளிப் போடலாம். சணல் சாக்கு ஒன்றன் மேல் ஒன்று நன்றாகப் பிடித்து நிற்கும். யூரியாச் சாக்கு வழுக்கும், வெயிலில் சில மாதத்தில் இற்றுவிடும். வேறு வழியில்லை என்றால் பயன்படுத்தலாம்.

அடுக்கும் இடத்தில் புல், வைக்கோல், சருகு இருந்தால் செதுக்கி எடுங்கள். இல்லையென்றால் அடியில் தண்ணீர் நுழையும். கரையின் உள்பக்க ஓரமாக, நீளவாட்டில், வாயை மடித்து அடியில் வைத்து, செங்கல் கட்டுவதுபோல் மேல் வரிசை கீழ் வரிசையின் இணைப்பை மூடும்படி வையுங்கள். ஒவ்வொரு வரிசையையும் மிதித்துத் தட்டையாக்குங்கள். அடி அகலம் உயரத்தைப்போல் மூன்று மடங்கு இருக்கட்டும். ஒரு அடி உயரத்துக்கு மீட்டருக்குச் சுமார் 20 மூட்டை பிடிக்கும். 20 மீட்டர் தாழ்வுக்கு 400 மூட்டை. மணல் ஒன்றரை யூனிட். புயல் சின்னம் வங்கக் கடலில் உருவான பிறகு மணல் வண்டி தேடினால் கிடைக்காது. ஐப்பசிக்கு முன்பே கரையோரம் உயரமான இடத்தில் இறக்கி வைத்துவிடுங்கள்.

கரை மேல் நீளவாட்டில் வெடிப்பு விழுந்தால் இரண்டு பக்கமும் ஆணி அடித்து இடைவெளியை அளந்து வையுங்கள். மழை உள்ளே இறங்காதபடி பிளாஸ்டிக் தாள் போர்த்துங்கள். அந்த இடத்தில் மூட்டையோ வண்டியோ ஏற்றாதீர்கள். மேலே பாரம் சரிவைத் தூண்டும். ஈரக் கரை மேல் ஜேசிபி ஓட்டுவதும் அப்படித்தான். உதவிக்கு வந்த வண்டியே கரையைச் சரித்துவிடும்.

கலங்கலும் மதகும்

அடுத்த போகத்துக்குத் தண்ணீர் சேரட்டும் என்று கலங்கல் மேல் நட்டிருக்கும் கற்களுக்கு இடையே பலகையும் மண்ணும் வைத்து உயர்த்துவது பழைய வழக்கம். மழைக்காலம் முடிந்து செய்தால் வேறு விஷயம். கார்த்திகையில் செய்தால், புயல் இரவில் வெளியேற வேண்டிய தண்ணீர் வழியின்றிக் கரை மேல் ஏறும். அரை அடி பலகை அரை அடி கரையைத் தின்றுவிடுகிறது. இருந்தால் துறைக்குச் சொல்லி எடுக்க வையுங்கள். கலங்கலில் ஆகாயத்தாமரை வந்து அடைத்தாலும் இதே கதைதான். நீண்ட மூங்கில் கொக்கியால் கரையில் நின்றே இழுக்க வேண்டும்.

மதகு ஷட்டரைத் தாங்களாகத் திருகக் கூடாது. திடீரென்று திறந்தால் கீழே வாய்க்கால் தாங்காது. ஏரி மட்டம் வேகமாக இறங்கினாலும் ஆபத்து: ஊறிய உள்சரிவு, தாங்கிக்கொண்டிருந்த தண்ணீர் போனதும் சரியும். ஆகவே பொதுவாக ஒரு நாளைக்கு ஒரு அடிக்கு மேல் இறக்குவதில்லை. தன் தெருவைக் காப்பாற்ற இரவோடு இரவாகக் கரையை வெட்டிவிடுவது சில இடங்களில் நடப்பதுண்டு. வெட்டிய வாய் அகன்றுகொண்டே போகும், வெட்டியவர் நினைத்த அளவில் நிற்காது. குற்ற வழக்கும் வரும்.

ஏரி நிரம்பினால் கலங்கலில் பூப் போட்டு, மஞ்சள் குங்குமம் தூவி, கிடா வெட்டிப் பொங்கல் வைக்கும் ஊர்களில், படையலை மேட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பாசி பிடித்த கலங்கல் கல்லில் செருப்புப் பிடிக்காது. விழும் தண்ணீரின் அடியில் சுழல் இருக்கும், நீச்சல் தெரிந்தவரையும் மேலே வரவிடாது. ஓடும் தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே பெரியவரைத் தள்ளிவிடும். கெண்டை, கெளுத்தி, விரால் பிடிக்கிறவர்கள் கலங்கலுக்கு நேர் கீழே இறங்காமல், வேகம் அடங்கும் மறுகாலில் (கலங்கல் தண்ணீர் ஓடும் வாய்க்காலில்) வலை போடட்டும். விழுந்தவர் பிடித்துக்கொள்ள, சற்றுக் கீழே குறுக்காகக் கயிறு ஒன்று கட்டி வையுங்கள். மறுகால் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் இரண்டு பக்கமும் மறித்துவிடுங்கள். காவல் நிலையத்துக்குச் சொன்னால் தடுப்பு தருவார்கள்.

கிணறு

ஏரி நிரம்பினால் கரையோரக் கிணறுகளும் நிரம்பும். மேல்மண் அழுக்கும் சேர்ந்து இறங்கும். 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. வட்டக் கிணற்றுக்கு: விட்டம் × விட்டம் × தண்ணீர் ஆழம் (எல்லாம் மீட்டரில்) × 785 = லிட்டர். மூன்று மீட்டர் விட்டம், நாலு மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 28,000 லிட்டர். பவுடர் 70 கிராம். பவுடரை அப்படியே கொட்டாதீர்கள். வாளியில் கரைத்து, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல்தெளிவை வேறு வாளியில் ஊற்றி, அதைக் கிணற்றில் தண்ணீருக்கு அடியில் இறக்கிக் குலுக்குங்கள். அடியில் தங்கிய சுண்ணாம்பு கிணற்றுக்குள் போகக் கூடாது. ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். இரவில் போட்டு விடியலில் இறைப்பது வசதி. திறந்து கிடந்த பழைய பவுடருக்கு வீரியம் இருக்காது. கலங்கிய கிணற்றில் இந்த அளவு போதாது. தெளியும் வரை குடிக்கக் கொதிக்க வைத்த தண்ணீர்தான்.

காலில் புண்ணோடு வெள்ளத்தில் இறங்கியவருக்கு அடுத்த சில வாரங்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் தண்ணீரில் இறங்கியதை மறக்காமல் சொல்லுங்கள்.

பறவைகள் இருக்கிற ஏரி என்றால்

நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, வக்கா, நீர்க்காகம் ஏரி மரங்களில் கூடு கட்டும் காலமும் இதுதான். வேடந்தாங்கல் உழவர்கள் தலைமுறைகளாக அவற்றைக் காத்ததில் கணக்கும் உண்டு: எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு எரு. கூட்டு மரங்கள் பக்கம் கார்த்திகைக்கு வெடி வேண்டாம். பொறி பறக்கச் சுற்றும் கரிப்பொதியான மாவலியால் சத்தமில்லை. வீட்டு வாசலில் சுற்றுங்கள். டார்ச்சைக் கரை மேல் மட்டும் அடியுங்கள், மரங்களை நோக்கி வேண்டாம். பெற்றோர் பறவை கலைந்தால் குஞ்சு மழையில் நனையும்.

மழை ஓய்ந்ததும்

எலி வளையை வாயில் மட்டும் மண் திணித்து மூடுவது வீண். ஏரி இறங்கியபின், பங்குனி சித்திரையில், வளை போகும் வழியெல்லாம் தோண்டித் திறந்து, ஈரப்பதமான களிப்பு மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டுத் திம்மிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். ஆனால் சித்திரையில் கரை காய்ந்து கிடக்கும். எங்கே கசிந்தது என்று ஒருவருக்கும் நினைவிருக்காது. ஆகவே குச்சிகளைப் பிடுங்குவதற்கு முன், பக்கத்து மதகிலிருந்து டேப் பிடித்து ஒவ்வொரு குச்சியின் தூரத்தையும் அளந்து, கரை மேலிருந்து எத்தனை அடி கீழே, என்ன நிறம், எத்தனை நொடி என்று ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு படி எடுத்து, ஒன்றைத் துறை அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மற்றொன்றைக் கிராம சபைக் கூட்டத்தில் வாசித்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். குடியரசு நாள் கிராம சபை ஜனவரி 26-இல் வருகிறது.